கார்டு செத்துருச்சா, இல்ல டிரைவர் எடுக்கலையா? கம்ப்யூட்டர் ஒரு கிராபிக்ஸ் கார்டை அடையாளம் காணுற விதம்

2025 அக்டோபர்ல ரெண்டு விஷயம் ஒண்ணா வந்து சேர்ந்துச்சு. 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துட்டு இருந்த வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. அதே மாசத்தோட கிராபிக்ஸ் சிப் செய்யுற என்விடியா, ஜிடிஎக்ஸ் 900, 1000 சீரிஸ் கார்டுகளுக்கு விட்டுட்டு இருந்த கேம் ரெடி டிரைவரை (டிரைவர்னா கார்டை ஓட்டத் தெரிஞ்ச சாஃப்ட்வேர்) நிறுத்திருச்சு, இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரைக்கும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில கல்யாண ஆல்பம் போடுற ஸ்டுடியோ, டிடிபி சென்டர், காலேஜ் பசங்க வீடுன்னு எங்க போனாலும் இருக்கிறது பெரும்பாலும் கோயம்புத்தூர்ல இருந்து செகண்ட்ஸ்ல வாங்கிட்டு வந்த ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதுல சொருகுன ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐயோ ஜிடி 730-ஓ தான். அந்த மெஷின்ல நிறைய விண்டோஸ் 11-க்கு தகுதி இல்லாதது, அதனால லினக்ஸ் போடுறாங்க, இல்ல விண்டோஸையே புதுசா ஏத்திப் பாக்குறாங்க, போட்ட உடனே ஸ்க்ரீன் பெருசு பெருசா தெரியும், போட்டோ எடிட்டிங் நத்தை மாதிரி போகும், கடைக்காரர் பார்த்துட்டு "கார்டு போயிருச்சுங்க, வேற வாங்கிக்கோங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார். அந்த ஒரு வரியால நல்ல கார்டு எத்தனையோ பழைய இரும்புக்குப் போகுது. கார்டை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, அதோட டிரைவர் ஜோடி சேர்றது இன்னொரு வேலை. ரெண்டுக்கும் நடுவுல பல படி இருக்கு. எந்தப் படியில நிக்குதுன்னு பாக்காம கார்டைக் குறை சொல்றது தப்பு.

ஸ்க்ரீன் வருது, அப்போ டிரைவர் இருக்குன்னு அர்த்தமா?

இல்ல. குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது.

கிராபிக்ஸ் கார்டுக்குள்ள ஒரு சின்ன ரோம் சிப் இருக்கு, அதுல கார்டோட சொந்த பயாஸ், அதாவது ஆன் ஆன உடனே ஓடுற சின்ன புரோக்ராம், எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆன உடனே மதர்போர்டு அந்த பயாஸை ஓட விடும், அது மெமரியில ஒரு பகுதியைக் காட்டி "இங்க என்ன எழுதினாலும் அது திரையில தெரியும்"னு சொல்லிக் குடுத்துடும். இந்த இடத்துக்குப் பேர் ஃப்ரேம் பஃபர். மதர்போர்டு லோகோ தெரியுறது, விண்டோஸ் இன்ஸ்டால் ஸ்க்ரீன் தெரியுறது எல்லாம் இந்த வெறும் பலகையில எழுதுறதுதான். இதுக்கு என்விடியா டிரைவரும் வேண்டாம், ஏஎம்டி டிரைவரும் வேண்டாம்.

சரியான டிரைவர் கிடைக்கலைன்னா ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்தப் பலகையையே வச்சு ஓட்டிக்கும். விண்டோஸ் 8-ல இருந்து இதுக்குப் பேர் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். லினக்ஸ்ல சிம்பிள்டிஆர்எம், இஎஃப்ஐஎஃப்பின்னு ரெண்டு மூணு பேர் இருக்கு. படம் வரும், ஆனா கார்டுக்குள்ள இருக்கிற நூத்துக்கணக்கான கோர் சும்மா தூங்கிட்டு இருக்கும், எல்லாத்தையும் சிபியுவே தலையில சுமக்கும். லினக்ஸ் மின்ட்லயோ உபுண்டுலயோ சிஸ்டம் இன்ஃபோ பக்கத்துல கிராபிக்ஸ்னு இருக்கிற இடத்துல எல்எல்விஎம்பைப்னு காட்டுச்சுன்னா அர்த்தம் இதுதான், படம் வரையுறது சிபியு.

பழைய பயாஸ் மோடுல லினக்ஸ் பூட் ஆகுறதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. முதல்ல எழுத்து கொட்டை கொட்டையா ஓடும். திடீர்னு ஒரு கணம் திரை கருப்பாகும். மறுபடி வரும்போது எழுத்து பொடிசா, கூர்மையா, திரையோட கடைசி மூலை வரைக்கும் போகும். அந்தக் கருப்பான ஒரு கணத்துலதான் நிஜ டிரைவர் கார்டைக் கையில எடுத்துக்குது. இதைத்தான் பைண்ட் ஆகுறதுன்னு சொல்றாங்க. கடைசி வரைக்கும் எழுத்து கொட்டையாவே இருந்துச்சுன்னா டிரைவர் எடுக்கல.

பெரட்டு: ஒவ்வொரு இடமாப் போய்க் கேக்குறது

கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட்ல வளர்ந்தவங்களுக்கு பெரட்டுன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. காலையில மலைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு இடத்துல கூடணும், செக்ரோலை வச்சுக்கிட்டு பேர் கூப்பிடுவாங்க, குரல் வந்தா ஒரு கோடு, வரலைன்னா ஆப்சென்ட். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் நடக்கிறதும் ஒரு பெரட்டுதான். ஒரே வித்தியாசம், இங்க கூப்பிடுறவருக்கு யார் பேரும் தெரியாது, இடம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு இடமா "இங்க யாராவது இருக்கீங்களா, இருந்தா உங்க நம்பர் என்ன"ன்னு கேட்டுக்கிட்டே போகும்.

அந்த இடங்கள் இருக்கிற வழிக்குப் பேர் பிசிஐ பஸ். 1992-ல வந்தது, இப்ப நாம சொருகுற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் அதே முறையைத்தான் தொடருது. அதுக்கு முன்னாடி இருந்த ஐஎஸ்ஏ கார்டுல ஜம்பர்னு ஒரு பொடி பிளாஸ்டிக் துண்டை இடம் மாத்தி மாத்தி சொருகி "நீ இந்த நம்பர்"னு நாமளே கார்டுக்குச் சொல்லணும், ரெண்டு கார்டு ஒரே நம்பர் வாங்கிட்டா ரெண்டுமே படுத்துடும். கார்டு தானே தன்னைப் பத்திச் சொல்லணும்ங்கிற ஏற்பாடு பிசிஐ காலத்துலதான் ஒழுங்கா வந்துச்சு.

ஒரு இடத்தோட விலாசத்துல மூணு பகுதி இருக்கும்: பஸ், டிவைஸ், ஃபங்ஷன். எஸ்டேட் கணக்குல டிவிஷன், லயம் (வரிசை வீடு), காம்பரா (அதுல ஒரு ரூம்)ன்னு வச்சுக்கலாம். அதிகபட்சம் 256 பஸ், ஒரு பஸ்ல 32 டிவைஸ், ஒரு டிவைஸ்ல 8 ஃபங்ஷன். நிறைய மெஷின்ல நம்ம கார்டு 01:00.0-ங்கிற விலாசத்துல இருக்கும், அதே லயத்துல பக்கத்துக் காம்பராவான 01:00.1-ல அதோட எச்டிஎம்ஐ சவுண்டு பகுதி குடியிருக்கும். இன்டெல் சிபியுவோட கூடவே வர்ற கிராபிக்ஸ் எப்பவும் 00:02.0.

ஒவ்வொரு காம்பராவுலயும் கான்ஃபிக் ஸ்பேஸ்னு ஒரு சின்ன பலகை தொங்கும். பழைய பிசிஐல அது 256 பைட், பிசிஐ எக்ஸ்பிரஸ்ல 4096 பைட். முதல் ரெண்டு பைட் வெண்டர் ஐடி, அதாவது சிப்பைச் செஞ்ச கம்பெனி நம்பர். அடுத்த ரெண்டு பைட் டிவைஸ் ஐடி, அந்தக் கம்பெனியோட எந்தச் சிப்புங்கிறது. ஆள் இல்லாத காம்பராவுல கேட்டா எல்லா பிட்டும் 1-ஆ, அதாவது எஃப்எஃப்எஃப்எஃப்னு திரும்பி வரும், அதனாலதான் அந்த நம்பரை எந்தக் கம்பெனிக்கும் குடுக்கிறதில்ல.

ஆள் இருக்குன்னு தெரிஞ்சதும் அடுத்த கேள்வி, உனக்கு எவ்வளவு இடம் வேணும்? இதைக் கேக்குற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். கார்டுல பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர்னு ஆறு கட்டம் இருக்கு. பயாஸ் ஒரு கட்டத்துல எல்லா பிட்டையும் 1-னு எழுதும், உடனே திருப்பிப் படிக்கும். கார்டு தனக்குத் தேவைப்படுற அளவுக்கு கீழ் பிட்டுகளை மாத்தவே விடாது. 256 எம்பி கேக்குற கார்டுன்னா கீழ 28 பிட் அசையாம நிக்கும், அதுல கடைசி நாலு மட்டும் வேற தகவலுக்கு ஒதுக்கினது. ரெண்டை 28 தடவை பெருக்கினா வர்றது சரியா 256 எம்பி. இதுல கார்டு வாயைத் திறந்து எந்த அளவும் சொல்லல, எதை மாத்த முடியலங்கிறதை வச்சே பயாஸ் அளவைக் கண்டுபிடிச்சு, மெமரி வரைபடத்துல அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி, அந்த விலாசத்தை அதே கட்டத்துல எழுதி வச்சுடுது.

பழைய மதர்போர்டுல பெரிய கார்டு போடும்போது இந்த இடம் பத்தாமப் போகலாம். விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல கார்டு மேல எரர் கோடு 12 வர்றது இதுக்குத்தான். பயாஸ்ல அபவ் 4ஜி டீகோடிங்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதை ஆன் பண்ணிப் பாக்கணும்.

எல்லாமே அந்த நாலெழுத்து நம்பர்தான்

வெண்டர் ஐடியில இன்டெல் 8086, தன்னோட 1978 சிப் பேரையே நம்பரா வாங்கி வச்சிருக்கு. ஏஎம்டி கார்டு 1002, அது பழைய ஏடிஐ கம்பெனி நம்பர். என்விடியா 10டிஇ. இதுல டி, இ எல்லாம் எழுத்து இல்ல, எண்ணுதான், ஹெக்ஸ் முறையில 9-க்கு மேல ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் போகும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐன்னா டிவைஸ் ஐடி 1சி82.

இன்னும் மூணு தகவலும் அதே பலகையில இருக்கு. சப்சிஸ்டம் ஐடி, அதாவது சிப்பை வாங்கி கார்டாவோ லேப்டாப்பாவோ செஞ்சு வித்தவங்க நம்பர். ரிவிஷன் நம்பர். அப்புறம் கிளாஸ் கோடு, இது என்ன மாதிரி சாதனம்ங்கிறது. 03-ல ஆரம்பிச்சா டிஸ்ப்ளே சம்பந்தப்பட்டது. 0300-ன்னா விஜிஏங்கிற பழைய பொது முறையிலயும் பேசத் தெரிஞ்ச கார்டு. 0302-ன்னா 3டி கன்ட்ரோலர், ரெண்டு கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப்ல திரையோட நேரா ஒயர் இல்லாத ரெண்டாவது சிப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே எந்தக் கம்பெனி கார்டுக்கும் ஓடுதே, எப்படி? அது வெண்டரையும் டிவைஸையும் பாக்கிறதே இல்ல, கிளாஸ் கோடை மட்டும் பார்த்து ஒட்டிக்குது.

நம்பர் முக்கியம், பேர் முக்கியமில்லன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் ஜிடி 730. இதே பேர்ல, இதே மாதிரி பெட்டியில, ரெண்டு வேற வேற சிப் வித்திருக்காங்க. ஒண்ணு ஃபெர்மி தலைமுறை, டிவைஸ் ஐடி 0எஃப்02. இன்னொண்ணு கெப்ளர், ஐடி 1287. ஃபெர்மிக்கு என்விடியாவோட 390 டிரைவர் வரிசைதான் கடைசி, கெப்ளருக்கு 470. பக்கத்து வீட்டுல "நானும் ஜிடி 730-தான் வச்சிருக்கேன், 470 போட்டேன் எடுத்துச்சு"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லல, ஆனா உங்க கார்டு 0எஃப்02-ஆ இருந்தா அது எடுக்காது. மலையில விட்டு விட்டு வர்ற சிக்னல்ல 600 எம்பிக்கு மேல இருக்கிற டிரைவரை ராத்திரி முழுக்க இறக்கி, காலையில அது வேற சிப்புக்குன்னு தெரியுறப்ப வர்ற வலி, ஐடியை முதல்லயே பார்த்திருந்தா வரவே வராது.

இதுக்கு நேர் எதிரா ஏஎம்டியில ஒண்ணு இருக்கு. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 நாலுக்கும் டிவைஸ் ஐடி ஒண்ணே, 67டிஎஃப். ரிவிஷன் நம்பரை வச்சுத்தான் எது எதுன்னு பிரிக்கணும். லினக்ஸ்ல பார்த்தா நாலஞ்சு பேரை சாய்வுக்கோடு போட்டு வரிசையா காட்டும், அதைப் பார்த்துட்டு நம்ம கார்டு டூப்ளிகேட்டோன்னு பயப்பட வேண்டாம்.

நிஜ டூப்ளிகேட்டும் சந்தையில இருக்கு. பழைய ஃபெர்மி கார்டோட பயாஸை மாத்தி எழுதி 1050 டிஐன்னு பேர் காட்ட வச்சு விக்கிறாங்க. ஒரிஜினல் டிரைவரைப் போட்டா ஒண்ணு இன்ஸ்டாலே ஆகாது, இல்ல ஆகி கிராஷ் ஆகும். ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் நிறைய போலியைக் கண்டுபிடிச்சு பேர் முன்னாடியே ஃபேக்குன்னு போட்டுக் காட்டிடும், செகண்ட்ஸ் கார்டுக்குக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இதை ஓட்டிப் பாத்துடணும்.

விண்டோஸ் எப்படி ஜோடி சேர்க்குது

பயாஸ் எடுத்த பெரட்டை விண்டோஸ் மறுபடி ஒருக்கா எடுக்கும், கிடைச்ச ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐடிகளைக் கோத்து ஒரு நீள வரி தயார் பண்ணும். டிவைஸ் மேனேஜர்ல கார்டு மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அங்க ஹார்டுவேர் ஐடிஸ்னு தேர்ந்தெடுத்தா அந்த வரிகளைக் கண்ணாலயே பாக்கலாம். வென்-னு இருக்கிறதுக்கு அடுத்த நாலெழுத்து கம்பெனி, டெவ்-னு இருக்கிறதுக்கு அடுத்த நாலெழுத்து சிப். மேல இருக்கிற வரியில எல்லா விவரமும் இருக்கும், கீழ போகப் போக விவரம் குறைஞ்சுக்கிட்டே போகும்.

டிரைவரோட கூட ஐஎன்எஃப்னு ஒரு ஃபைல் வரும். அது வெறும் டெக்ஸ்ட், நோட்பேடுலயே திறக்கலாம், "நான் இந்த இந்த ஐடிக்கு வேலை செய்வேன்"னு ஒரு பட்டியல் அதுல இருக்கும். விண்டோஸ் தன்கிட்ட இருக்கிற ஐஎன்எஃப் எல்லாத்தையும் பார்த்து, பொருந்துறதுக்கெல்லாம் ஒரு ரேங்க் போடும். முதல்ல டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்து (நம்பகமானவங்க செஞ்சதுங்கிற முத்திரை) சரியா இருக்கா, அடுத்து எவ்வளவு நெருக்கமா பொருந்துது, அதுக்கு அப்புறம்தான் தேதியும் வெர்ஷனும்.

இந்த வரிசை நிறைய பேருக்குத் தெரியாம மண்டையைக் குடையுது. லேப்டாப் கம்பெனி குடுத்த பழைய டிரைவர் சப்சிஸ்டம் ஐடி வரைக்கும் எழுதியிருக்கும், சிப் கம்பெனி விட்ட புதுசு வெறும் வெண்டர், டிவைஸ் மட்டும் எழுதியிருக்கும். ரெண்டுலயும் கையெழுத்து சரின்னா விண்டோஸ் தானா தேடும்போது பழசையே எடுக்கும், ஏன்னா அதுதான் நெருக்கமா பொருந்துது. புதுசை விண்டோஸ் மதிக்கலைன்னு திட்டுறோம், உண்மையில அது தன்னோட சட்டப்படிதான் நடக்குது.

எதுவுமே பொருந்தலைன்னா, கிளாஸ் 0300-ஆ இருந்தா பேசிக் டிஸ்ப்ளே ஒட்டிக்கும். 0302-ஆ இருந்தா அதுவும் ஒட்டாது, மஞ்சள் முக்கோணத்தோட 3டி வீடியோ கன்ட்ரோலர்னு அநாதையா நிக்கும், கோடு 28 காட்டும். கோடு 28-ன்னா டிரைவர் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். கார்டு உயிரோட இருக்கு, பெரட்டுக்கு வந்து நம்பரும் சொல்லிருச்சு.

லினக்ஸ்ல

வழி அதேதான், கையாளுற விதம் வேற. கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, ஒவ்வொரு சாதனத்தோட ஐடியையும் மோட்எலியாஸ்னு ஒரு வரியா வெளிய சொல்லும், யுடெவ்ங்கிற புரோக்ராம் அதைக் கேட்டு, மாட்யூல்ஸ் டாட் எலியாஸ்ங்கிற பட்டியல்ல தேடி, பொருந்துற டிரைவர் மாட்யூலை ஏத்தும். இன்டெல்லுக்கு ஐ915 இல்ல எக்ஸ்இ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு இல்ல பழைய ரேடியான், என்விடியாவுக்கு லினக்ஸோட கூடவே வர்ற நூவோ இல்ல கம்பெனியே குடுக்கிற என்விடியா.

ஒரு கார்டுக்கு ஒரு நேரத்துல ஒரு டிரைவர்தான். யார் முதல்ல பிடிச்சாங்களோ அவங்களுக்குத்தான். நூவோ ஏற்கனவே பிடிச்சிருக்கும்போது என்விடியாவை ஏத்தினா, என்னைக் கூப்பிடவே இல்ல, வேற டிரைவர் கார்டை எடுத்து வச்சிருக்குன்னு டிமெசேஜ்ல (கெர்னல் எழுதி வைக்கிற லாக்) எழுதி வச்சுட்டு ஒதுங்கிடும். நூவோவை பிளாக்லிஸ்ட் பண்ண, அதாவது ஏறவே விடாம தடுக்க, சொல்றது இதுக்காகத்தான், நூவோ கெட்டதுங்கிறதுக்காக இல்ல.

அடிக்கடி பார்க்கிற இன்னொண்ணு, இன்ஸ்டால் பண்ணும்போது திரை கருப்பாகுதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு கிரப்ல, அதாவது லினக்ஸ் பூட் மெனுவுல, நோமோட்செட்னு ஒரு வார்த்தை சேர்த்திருப்பாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தமே "நிஜ டிரைவர் திரையைக் கையில எடுக்க வேண்டாம்"ங்கிறதுதான். இன்ஸ்டால் முடிஞ்சதும் எடுக்கணும், மறந்துட்டா நூவோ, ஏஎம்டிஜிபியு மாதிரி டிரைவர் எடுக்காது, எல்எல்விஎம்பைப்தான் காட்டும்.

ராஸ்ப்பெர்ரி பை மாதிரி போர்டுல அதோட சொந்த கிராபிக்ஸ் பிசிஐல உக்காரல, கூப்பிட்டா குரல் குடுக்காது. அதுக்கு டிவைஸ் ட்ரீன்னு ஒரு ஃபைல்ல எங்க என்ன இருக்குன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துடுறாங்க, கெர்னல் அதைப் படிச்சு டிரைவரைத் தேடும்.

பொருந்தின பிறகும் தோத்துப் போகலாம்

ஐடி பொருந்துறது பொண்ணு பாக்குற மாதிரிதான், கல்யாணம் இன்னும் ஆகல. அடுத்து டிரைவரோட புரோப்ங்கிற ஃபங்ஷன் ஓடும். அது கார்டை எழுப்பி, ஒதுக்கின மெமரி விலாசத்தைப் பிடிச்சு, சிப்போட உள் ரெஜிஸ்டரைப் படிச்சு, கார்டு பயாஸைப் படிச்சு, ஃபர்ம்வேரை ஏத்தி, வீடியோ மெமரியைத் தயார் பண்ணி, கடைசியா "நான் ரெடி"ன்னு சொல்லணும். நடுவுல எது தவறினாலும் கார்டைக் கையை விட்டுடும்.

எங்க எங்க தவறும்:

1. ஃபர்ம்வேர் ஃபைல் இல்ல. இப்ப வர்ற ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் மட்டும் போதாது, கார்டுக்குள்ளேயே ஓடுற ஃபர்ம்வேரையும் தனியா ஏத்தணும். டெபியன் 2023-ல விட்ட 12-ஆம் பதிப்புல இருந்துதான் இதை இன்ஸ்டாலர்லயே சேர்த்துக் குடுக்குது. அதுக்கு முந்தின சிடியை வச்சுப் போட்டா கார்டு தெரியும், டிரைவர் பேரும் தெரியும், படம் மட்டும் ஒழுங்கா வராது.

2. கையெழுத்து. பயாஸ்ல செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூலை லினக்ஸ் கெர்னல் ஏத்தாது. என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேக்கும், ரீஸ்டார்ட்ல மாக் மேனேஜ்மென்ட்னு ஒரு நீலத் திரை வந்து பத்து செகண்ட் எண்ணும். பயந்து போய் யாரும் எதையும் அழுத்தாம விட்டுடுறாங்க, அது தானா பூட் ஆகிடும், டிரைவர் எடுக்காது. அந்தப் பத்து செகண்டுக்குள்ள ஒரு கீயை அழுத்தி, என்ரோல் மாக் போய், அதே பாஸ்வேர்டைக் குடுக்கணும். விண்டோஸ்ல இதே கையெழுத்துச் சிக்கல் கோடு 52-ன்னு வரும்.

3. கெர்னல் மாறிடுச்சு. கம்பெனி டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியா செஞ்சு வைக்கணும், டிகேஎம்எஸ்-னு ஒண்ணு அதைத் தானா செய்யும். ஐப்பசி மழையில மரம் விழுந்து அப்டேட் நடுவுல கரண்ட் போச்சுன்னா அந்த வேலை பாதியில நிக்கும், மறுநாள் "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே"ன்னு வரும். மாட்யூலை மறுபடி செஞ்சா சரியாப் போச்சு.

4. டிரைவரே பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லுது. என்விடியாவோட லினக்ஸ் டிரைவர் தன் பட்டியல்ல ஒவ்வொரு சிப் ஐடியா எழுதுறதில்ல, வெண்டர் 10டிஇ, கிளாஸ் டிஸ்ப்ளேன்னு மட்டும் எழுதியிருக்கு. அதனால எந்த என்விடியா கார்டுக்கும் அது பொருந்தும். புரோப்லதான் சிப்பைப் பார்த்துட்டு, இந்த ஜிபியுவுக்கு (கிராபிக்ஸ் சிப்) இன்ன லெகஸி, அதாவது பழைய வரிசை, டிரைவர் போடுன்னு லாக்ல எழுதிட்டு விலகும். அந்த வரியைப் படிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

5. கார்டுலயே கோளாறு. விண்டோஸ்ல கோடு 43-ன்னா டிரைவர் ஏறி, ஓடி, அப்புறம் சாதனம் பிரச்சனைன்னு சொல்லியிருக்கு. வீடியோ மெமரி அடிபட்டாலும் இது வரும், தப்பான டிரைவர் பாதியில கலந்திருந்தாலும் வரும். பழைய டிரைவரை முழுசா துடைச்சுட்டு சரியானதைப் போட்டும், வேற மெஷின்ல சொருகியும் இதே வந்தா மட்டும் கார்டு மேல சந்தேகப்படலாம்.

மலையில கூடுதலா ஒரு படி: ஈரம்

பெரட்டுக்கே வரலைன்னா, அதாவது டிவைஸ் மேனேஜர்லயும் இல்ல, லினக்ஸ் பட்டியல்லயும் இல்லைன்னா, எந்த டிரைவர் போட்டும் பிரயோஜனம் இல்ல. பெரட்டுக்கு முன்னாடி கார்டும் ஸ்லாட்டும் கரண்ட் லெவல்ல ஒண்ணுக்கொண்ணு பேசிப் பழகணும், லிங்க் ட்ரெய்னிங்னு பேர். அது நடக்கலைன்னா அந்த இடம் காலிதான்.

குன்னூர், கோத்தகிரியில மூடுபனி ஜன்னல் வழியா நேரா கடைக்குள்ள வந்து உக்காருற மாசங்கள்ல இது நிறைய நடக்கும். கேபினெட்டைத் திறந்து கார்டைக் கழட்டி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கீழ் விளிம்புல தங்க நிறத்துல வரிசையா பல் மாதிரி இருக்கும். தங்கம் துருப்பிடிக்காது. ஆனா அது ரொம்ப மெல்லிசான முலாம், தேஞ்ச இடத்துல அடியில இருக்கிற உலோகம் மங்கி, சாம்பல் பூத்த மாதிரி கோடு விழுந்திருக்கும், தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு பிசுபிசுப்பு படிஞ்சிருக்கும். நம்ம ஊர் வழக்கம் பென்சில் ரப்பரை எடுத்து பரபரன்னு தேய்க்கிறது. அது அந்த நேரத்துக்கு வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு தடவையும் முலாமையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை பஞ்சுல தொட்டு துடைச்சு, நல்லா காய விட்டு, ஸ்லாட்டுல க்ளிக்னு பூட்டு விழுற வரைக்கும் அழுத்துங்க. அதுக்கும் மசியலைன்னா மட்டும் மெத்துன்னு இருக்கிற வெள்ளை ரப்பர், ரெண்டே இழுப்பு. பூட்டிக் கிடந்த கடையைக் காலையில திறந்து, அடுப்பு பத்த வச்ச உடனே கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க, குளிர்ந்த உலோகத்து மேல அந்தச் சூடான ஈரக் காத்து பட்டா தண்ணி கோத்துக்கும்.

டேட்டா போற 16 லேன்ல (பாதை) பாதி பல் சரியா ஒட்டலைன்னாலும் கார்டு 8 லேன்லயோ 1 லேன்லயோ பேசி டிடெக்ட் ஆகிடும், எந்த எரரும் வராது, மெதுவா மட்டும் இருக்கும். ஜிபியு-இசட்ல பஸ் இன்டர்ஃபேஸ்னு இருக்கிற இடத்துல எத்தனை லேன்ல ஓடுதுன்னு காட்டும்.

பவரையும் பாருங்க. ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும், அதுக்கு மேல கேக்குற கார்டுல 6 பின் இல்ல 8 பின் கனெக்டர் இருக்கும், அதைச் சொருகாம விட்டுட்டு கார்டு செத்துருச்சுன்னு சொன்னவங்களும் உண்டு.

எந்தப் படியில நிக்குது? இந்த வரிசையில பாருங்க

1. மானிட்டர் கேபிள் எதுல இருக்கு? கார்டுல இருக்கிற போர்ட்லயா, மதர்போர்டு போர்ட்லயா? மதர்போர்டுல சொருகிட்டு கார்டைத் திட்டுறது ரொம்ப சகஜம்.

2. கார்டு பெரட்டுக்கு வந்திருக்கா? விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர். லினக்ஸ்ல எல்எஸ்பிசிஐ கமாண்டை என்என்கே ஆப்ஷனோட ஓட்டுங்க. வரலைன்னா ஸ்லாட், பவர், பல்லு, பயாஸ் செட்டிங், இந்த நாலைத் தவிர வேற எதையும் தொடாதீங்க.

3. ஐடி என்ன? வெண்டர் நாலு, டிவைஸ் நாலு. அந்த எட்டையும் கூகுள்ல போட்டா நிஜமா எந்தச் சிப்புன்னு வந்துடும்.

4. எந்த டிரைவர் பிடிச்சிருக்கு? எல்எஸ்பிசிஐல கெர்னல் டிரைவர் இன் யூஸ்னு ஒரு வரி வரும். அந்த வரியே இல்லைன்னா யாரும் பிடிக்கல. அடுத்த வரியில கெர்னல் மாட்யூல்ஸ்னு வர்றது பிடிக்கத் தகுதி உள்ளவங்க பட்டியல் மட்டும்தான், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

5. பிடிச்சும் வேலை செய்யலைன்னா டிமெசேஜையோ விண்டோஸ் எரர் கோடையோ படிங்க. 28, 12, 52, 43 நாலுக்கும் நாலு வேற வைத்தியம்.

6. எல்லாம் சரி, ரெசல்யூஷன் மட்டும் தப்பா? அது மானிட்டர் பக்கம். மானிட்டர் தன்னைப் பத்தி இடிஐடின்னு 128 பைட்ல ஒரு குறிப்பு அனுப்பும், மட்டமான விஜிஏ கன்வெர்டர் அதை நடுவுலயே விழுங்கிடும். கேபிளை மாத்துங்க.

1050 டிஐ, 1060, 750 டிஐ வச்சிருக்கவங்களுக்கு

இந்தக் கார்டுகளோட மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக்கு லினக்ஸ்ல கடைசி டிரைவர் வரிசை 580. அதுக்கு அடுத்த 590 இந்தச் சிப்பை எடுக்காது. எப்பவும் புதுசு வந்துக்கிட்டே இருக்கிற, ரோலிங்னு சொல்ற லினக்ஸ் வகையில கண்ணை மூடிட்டு அப்டேட் குடுத்தா 590 வந்து உக்காந்து, மறுநாள் கொட்டை எழுத்து ஸ்க்ரீன்தான் மிஞ்சும். கார்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, நாலாவதா மேல சொன்ன அதே சங்கதி, 580-ஐப் போட்டு நிறுத்தி வச்சாப் போதும். என்விடியா 2022-ல திறந்து விட்ட ஓப்பன் கெர்னல் மாட்யூல் டூரிங், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸ்ல இருந்துதான் எடுக்கும், அதனால டிரைவர் மேனேஜர் பட்டியல்ல 580-ன்னு ரெண்டு இருந்தா, கடைசியில ஓப்பன்னு போட்டதை விட்டுட்டு மத்ததை எடுங்க. ஜிடி 710-உம் கெப்ளர் ஜிடி 730-உம் புது கெர்னல்ல 470-ஓட மல்லுக்கட்டுறதைவிட, ஆபீஸ் வேலைக்கும் வீடியோ பாக்கிறதுக்கும் நூவோலயே விட்டுடலாம்னு நான் சொல்வேன். ஆல்பம் வேலைக்கு அது பத்தாது.

விண்டோஸ்ல இப்ப இருக்கிற டிரைவரே ஓடிட்டு இருக்கும், உடனே நிக்காது. இன்ஸ்டாலர் ஃபைலை ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

செகண்ட்ஸ் கார்டு வாங்க மேட்டுப்பாளையம் இறங்குறதுக்கு முன்னாடி, விக்கிறவர்கிட்ட ஹார்டுவேர் ஐடி தெரியுற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் கேளுங்க. வாங்கி வந்த கார்டு பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த எட்டு எழுத்தையும் அதுக்கான கடைசி டிரைவர் வரிசையையும் மார்க்கர்ல எழுதி வைங்க: 10டிஇ, 1சி82, 580.